அமைதிக் கூட்டத்தில் யார் பேச வேண்டும்

வருவாய்த் துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் கழிந்தது. பட்டா, சான்றிதழ் வேலையெல்லாம் வருஷம் முழுக்க உண்டு. திருவிழாக் காலம் வந்தால், தகராறு வராமல் இருக்க இரு தரப்பையும் அழைத்துப் பேசும் அமைதிக் கூட்டங்களும் சேர்ந்துகொள்ளும்.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, இஸ்லாமியர் 4.2. கோட்டாறு சவேரியாருக்கு நேர்ச்சை வைக்கும் இந்துக் குடும்பங்களும் உண்டு, தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவுக்குப் போகும் மற்ற மதத்தவரும் உண்டு. இதே மாவட்டத்தில்தான் 1982 மார்ச்சில், மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலின் மாசிக்கொடைத் திருவிழா நேரத்தில், இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூடு, அதைத் தொடர்ந்து பல ஊர்களில் தீவைப்பு, பிறகு நீதிபதி வேணுகோபால் விசாரணை ஆணையம். அந்தத் தலைமுறை அதை இன்னும் மறக்கவில்லை.

ஒரு கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோயில் ஊர்வலம் ஒரு குருசடியை, அதாவது வழியோரச் சிலுவைக் கோயிலைத் தாண்டிப் போக வேண்டும். நெற்றியில் துணி கட்டிய இளைஞர் ஒருவர் எழுந்து, குருசடி முன்னால்தான் செண்டையைப் பலமாக அடிப்போம் என்றார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர், முடிந்தால் தாண்டிப் பாருங்கள் என்று கத்தினார். போலீஸ் ஆய்வாளர் எழுந்துவிட்டார். அதற்குள் கோயில் கமிட்டிப் பெரியவர் அந்த இளைஞரிடம் திரும்பி, "தம்பி, நீ எந்த ஊரு? கோயில் வரி குடுத்தியா? எங்க கொடைய நாங்க நடத்திக்கிடுவோம், நீ இரி" என்றார். தேவாலயத்தின் பங்குப் பேரவைக்காரர் ஒருவரும் எழுந்து தன் பக்கத்து ஆளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பிறகு பத்து நிமிஷத்தில் பேசி முடித்தார்கள். குருசடியைக் கடக்கும்வரை செண்டை நிற்கும். அன்று மாலை ஜெபமாலைக்கு வெளி ஒலிபெருக்கி கிடையாது. நான் எழுதினேன், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நாங்கள் சொல்லியிருந்தால் அந்த இளைஞர் உட்கார்ந்திருக்க மாட்டார். அதிகாரியை எதிர்த்தால் அவருக்குப் பெயர்தான் கிடைக்கும். சொந்தப் பெரியவர் எல்லார் முன்னாலும் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

அரசுப் பக்கத்தில் ஒரு வழக்கம் எனக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. கல்லெறிந்தது ஒரு பக்கத்தில் நாலு பேர் என்றாலும், இன்னொரு பக்கத்திலும் நாலு பேர் மேல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107இன் கீழ், அமைதியாக இருப்போம் என்ற பிணைப்பத்திரம் கேட்டுக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். நடுநிலை என்று அதற்குப் பெயர். ஒரு தப்பும் செய்யாதவன் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் வாசலில் நாள் முழுக்கக் காத்துக் கிடப்பான். அவன் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல முதலில் போகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? மதத்தின் பெயரால் ஆள் திரட்டும் தீவிரக் குழுக்காரர்கள்தான். அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது நாம்.

2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளரைச் சுட்டுக் கொன்றார்கள். மதத்தின் பெயரால் வன்முறையை நம்பியவர்கள் செய்த கொலை என்று தெரிந்ததும், நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையின் இஸ்லாமியப் பெரியவர் என்னைப் பார்த்ததும், "சாரே, இது எங்க மார்க்கம் இல்ல சாரே" என்றார். டம்ளரைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அவர் எனக்கு எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்? கொன்றவன் பெயருக்குக் குற்றப்பத்திரிகை வரும். அதில் இந்த மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதை அவரிடம் அப்படியே சொன்னேன். கடையில் இருந்த மற்றவர்களும் சொன்னார்கள்.

இப்போது 107 போய், 2024 ஜூலை முதல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 126ஆவது பிரிவாக இருக்கிறது. கூட்டத்துக்கு அழைப்போர் பட்டியலோ நான் இருந்தவரை மாறவே இல்லை. நரைத்த தலைகள்தான், அதிலும் பெண்கள் இல்லை. வெறுப்பு வாட்ஸ்ஆப்பில் பையன்களுக்குத்தான் முதலில் வந்து சேர்கிறது. அந்தப் பையன்களையும் அவர்களுடைய அம்மாக்களையும் அடுத்த கொடைக்கு முன்பே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்று, இப்போது பணியில் இருப்பவர்களிடம் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.