நெல்மணியைவிடச் சின்னது

லேப்டாப்பில் பயாஸ் (பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடி மெஷினை எழுப்பிவிடும் மென்பொருள்) அப்டேட் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. மன்னார்குடிப் பக்கம் ஐப்பசியில் இது புதிதா என்ன? பேட்டரியோ 60 சதவீதம் என்று காட்டும், ஒயரைப் பிடுங்கினால் உயிரை விடும். அப்புறம் விசிறி மட்டும் சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பார்த்தேன், பென்டிரைவில் பயாஸ் கோப்பை ஏற்றியும் பார்த்தேன். ம்ஹூம்.

தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு தம்பி பின்மூடியைக் கழற்றிக் காட்டினார். எட்டுக் கால் சிப் ஒன்று, நெல்மணி நீளம்கூட இல்லை. அதில்தான் பயாஸ் இருக்கிறதாம். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சிப்பின் தலையில், அதைப் படிக்கவும் எழுதவும் உதவும் கிளிப்பைக் கவ்வவிட்டார். புது பயாஸை உடனே எழுதவில்லை. உள்ளே இருப்பதை இரண்டு தரம் படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுச் சேமித்தார். சீரியல் நம்பர், விண்டோஸ் கீ எல்லாம் அதற்குள்தான், அழித்தால் போச்சு. தொழில் தெரிந்த கை!

"டிவிக்கே ஸ்டெபிலைசர் வெச்சிருப்பீங்க, இதுக்கு ஒரு யூபிஎஸ் வாங்கக் கூடாதாண்ணே?" என்றார். வாயே திறக்கவில்லை நான்.

லேப்டாப் வந்துவிட்டது. கடிகாரம் மட்டும் சில வருஷம் பின்னால் ஓடுகிறது. இன்றைக்கும் மழை. சார்ஜரைத் தொடவில்லை.