1950-ன் ஐந்து நாயகிகள்

ஜூன் 3
ரிசல்ட் வரவில்லை. தூக்கமும் இல்லை. 1950-ம் வருடப் படங்களுக்கான ஆஸ்கர் சிறந்த நடிகைப் பட்டியலை மறுபடி எடுத்துவிட்டேன். கிளோரியா ஸ்வான்சன், பெட்டி டேவிஸ், ஆன் பாக்ஸ்டர், எலினார் பார்க்கர், அப்புறம் பரிசை வாங்கிப் போன ஜூடி ஹாலிடே. யாருக்கு எந்த இடம் என்று இந்தத் தடவை முடிவு கட்டிவிட வேண்டும்.

ஜூன் 4
ஸ்வான்சன்தான் முதல்.

ஜூன் 5
ராத்திரி 'சன்செட் பொலிவார்ட்'. ஸ்வான்சனுக்கு நார்மா டெஸ்மாண்ட் வேடம், மறக்கப்பட்டுவிட்ட மௌனப்பட நட்சத்திரம். பல வருடம் கழித்து ஸ்டுடியோவுக்குள் வரும் நார்மா, டைரக்டர் டிமிலின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே நகர்ந்து வரும் மைக் அவள் தொப்பியின் இறகில் உரசுகிறது. கையால் தள்ளிவிடுகிறாள். அவ்வளவுதான், வசனம் கிடையாது. ஆனால் பேசும்படம் வந்து தன்னை வீட்டில் உட்கார வைத்த ஆத்திரம் முழுக்க அந்தத் தள்ளலில் இருக்கிறது. அடுத்து, பழைய லைட்மேன் ஒருவர் மேலிருந்து அடையாளம் கண்டு விளக்கை அவள் பக்கம் திருப்புகிறார். அதே முகம் மலர்கிறது பாருங்கள்!

ஸ்வான்சனே மௌனப்பட நட்சத்திரம், தன்னையே நடித்துவிட்டுப் போனார் என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நார்மா வெளி உலகத்துக்கே கதவடைத்தவள். ஸ்வான்சனோ 1948-லேயே தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தியவர். நார்மா அவர் உருவாக்கிய ஆள்.

ஜூன் 6
போன் இல்லை.

ஜூன் 8
எதுவும் பிடிக்கவில்லை. டேவிஸ் கூட இன்று சத்தம் போடுவதாகத்தான் தோன்றியது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 9
மறுபடி 'ஆல் அபௌட் ஈவ்'. நேற்று என் மனசு சரியில்லை, டேவிஸ் மேல் ஒரு குறையும் இல்லை. பெட்ரோல் தீர்ந்து கார் நின்றுவிட்ட காட்சியில் டேவிஸின் மார்கோ, புகழ்பெற்ற மேடை நடிகை, நாற்பது வயதின் பயத்தைப் பேசுகிறாள். குரல் கரகரத்து, அலங்காரமெல்லாம் கழன்று விழுகிறது. நடிகை கிளாடெட் கோல்பர்ட் முதுகில் அடிபட்டு விலகியதால் டேவிஸுக்கு வந்த வேடம் இது! அதே படத்துக்காக பாக்ஸ்டரும் பட்டியலில் இருந்ததால் ஓட்டு பிரிந்தது என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் ஸ்வான்சனுக்கு அடுத்துதான். அந்த மைக்கை என்னால் தாண்ட முடியவில்லை.

ஜூன் 10
ஹாலிடேக்குக் கொடுத்தது அநியாயம் என்று திட்டுபவர்கள் 'பார்ன் யெஸ்டர்டே' படத்தின் சீட்டாட்டக் காட்சியைப் பார்க்க வேண்டும். ஹாலிடேயின் பில்லி தன் பாட்டுக்கு முனகியபடி சீட்டுகளை அடுக்குகிறாள். எதிரே பிராடரிக் கிராஃபோர்ட் புழுங்குகிறார். அவள் அவசரப்படுவதே இல்லை, ஜெயித்துக்கொண்டே போகிறாள். மேடையில் நெடுநாள் ஆடிய வேடம். கேமரா முன்னால் அந்தப் பழக்கத்தின் சலிப்பு துளியும் தெரியவில்லை. சிரிக்க வைப்பதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. மூன்றாம் இடம், மரியாதையோடு.

ஜூன் 11
நாளைக்குச் சொல்வார்களாம்.

ஜூன் 12
சொல்லவில்லை.
நான்காவது பார்க்கர். 'கேஜ்ட்' படத்தில் சிறைக்குள் வரும்போது பத்தொன்பது வயதுப் பயந்த பெண், வெளியே போகும்போது வேறு ஒருத்தி. மொட்டையடித்த பிறகு கண்ணிலும் ஏதோ மூடிக்கொள்கிறது. வெனிஸ் விழாவில் இவருக்குத்தான் பரிசு கொடுத்தார்கள், நல்ல காரியம்.

பாக்ஸ்டர் ஐந்து. ஆனால் மார்கோவின் ஒப்பனை அறையில் தன் பொய்க் கதையைச் சொல்லும்போது அவருடைய ஈவ் எங்கேயாவது மாட்டிக்கொள்கிறாளா? அந்த ஒரு காட்சியை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.