ஏழில் இரண்டு

மகளுக்கு மாதாமாதம் தரும் ஜீவனாம்சத்தில் ஏழில் இரண்டு பங்கைக் குறைக்க வேண்டும் என்று அவள் அப்பா கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலுக்குப் போகிறவள் ஞாயிறு சாயங்காலம்தான் குலசேகரம் திரும்புகிறாள். வாரத்தில் இரண்டு ராத்திரி அவரிடம் இருக்கிறாள், அந்த நாட்களுக்கும் எதற்குப் பணம் தர வேண்டும் என்பது அவர் கேள்வி.

இந்தக் கணக்கு இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார் வழியாக வந்தது. பிள்ளை வருஷத்தில் 104 முதல் 155 ராத்திரி வரை பணம் கட்டுகிறவரோடு தங்கினால், அங்கே அரசாங்கக் கணக்கில் ஏழில் இரண்டு பங்கு குறையும். 52 முதல் 103 வரை என்றால் ஏழில் ஒன்று. சரி, அது அந்த நாட்டுச் சட்டம்.

நம் சட்டத்தில் ராத்திரியை எண்ணிக் கழிக்கும் அட்டவணை கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்காக இருந்த பழைய 125-வது பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144 ஆகிவிட்டது; எந்த மதத்தவரும் அதன்கீழ் கேட்கலாம். வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் வைத்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொன்னது. படிப்புச் செலவு பொதுவாகத் தகப்பன் பொறுப்பு, தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் வருமான விகிதப்படி பகிரலாம் என்றும் அதில் இருக்கிறது.

நான் ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறவள். மகள் செலவுக்குத் தனி நோட்டு உண்டு. அதில் இரண்டு பத்தி போட்டேன்: பிள்ளை இல்லாத நாளில் குறைகிற செலவு, குறையாத செலவு. முதல் பத்தியில் மீன், பால், முட்டை, ஏத்தன்பழம். அவ்வளவுதான். பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன், யூனிஃபார்ம், ஷூ, வீட்டு வாடகை எல்லாம் இரண்டாவது பத்தியில். சனி ஞாயிறு அவள் இங்கே இல்லை என்று வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா?

இரண்டு வீடு என்றால் சில செலவு கூடவும் செய்யும். அவளுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரும் அதில் மாட்டும் குழாயான ஸ்பேஸரும் இரண்டு வீட்டிலும் இருந்தே ஆக வேண்டும். பையில் வைத்து அனுப்பினால் ஒருநாள் மறந்துபோகும், அந்த ராத்திரி பார்த்துதான் இழுக்கும். அவரும் அங்கே கட்டில், படிக்கும் மேசை எல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறார். அது நிஜமான செலவு, அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

“பேசாம பிள்ளைய அனுப்பாத, அப்ப கழிக்கமாட்டான்லா” என்கிறாள் அம்மா. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அப்பாவோடு இருப்பது மகளுக்குரிய நாள். அதைப் பணத்துக்கு ஈடாக வைக்க நான் யார்? அதேபோல, பணத்தைக் குறைக்கவென்று அவர் கூடுதல் ராத்திரி கேட்டாலும் தப்புதான்.

வக்கீல் சின்னப் பெண். “அக்கா, குறைக்க முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்தச் செலவு யார் பொறுப்புன்னு எழுதிக் கேளுங்க” என்றாள். அப்படியே எழுதுகிறோம். பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறாளோ அங்கே சாப்பாட்டுச் செலவு அந்த வீட்டில் இருக்கும் அப்பா அல்லது அம்மாவுடையது. பள்ளி, வேன், மருந்து எங்கள் வருமான விகிதப்படி. ஜூன் மாதம் கட்டணம் ஏறினால் பங்கும் ஏற வேண்டும். நிலைமை மாறினால் அதே சன்ஹிதாவின் 146-வது பிரிவின்கீழ் தொகையை மாற்றிக் கேட்கலாம் என்பதால், கூடுதல் நாள் அவரிடம் இருக்கும் காலம் வந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

அடுத்த வாய்தாவுக்கு நோட்டையும் பில்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறேன். திடீர் ஆஸ்பத்திரிச் செலவை எப்படிப் பிரிப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இப்படி உத்தரவு வாங்கியவர்கள் இருந்தால், அதில் எப்படி எழுதியிருந்தது என்று சொல்லுங்கள்.