கொல்கொதாவுக்கு விடியலில் போங்கள்

புனித நாடு கூட்டிப்போகிற குழுக்களின் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கலிலேயாக் கடலில் படகுக்கு ஒரு மணி நேரம், சாக்கடலில் மிதக்க அரை நாள், பெத்லகேமில் ஒலிவ மரச் சிற்பக் கடைக்கு முக்கால் மணி நேரம். எருசலேமில் சிலுவை நின்ற இடமான கொல்கொதாவுக்கு, அதாவது கல்வாரிக்கு, ஒரே வரிதான்: ‘சிலுவைப்பாதை, கல்லறைக் கோயில்’. அதையும் காலை பத்து மணிக்கு வைத்திருப்பார்கள். எல்லா நாட்டுப் பேருந்துகளும் ஆட்களை இறக்கிவிட்டு முடிக்கிற நேரம் அது. வரிசையில் நின்று பீடத்தை நெருங்கும்போது வழிகாட்டி கொடியை ஆட்டுவார், கிளம்பச் சொல்லி. ஊரில் கடன் வாங்கி, சீட்டுப் பணம் எடுத்து வந்த பாட்டிமார் கல்வாரியைத் தொடாமலே திரும்புகிறார்கள். இது அநியாயம். தமிழக அரசின் மானியம் 20,000 ரூபாயில் தொடங்கி 37,000 ஆனது. அது கிடைத்தாலும் மிச்சம் பெரிய தொகைதான். அவ்வளவு கொடுத்துவிட்டு முக்கியமான இடத்தில் அவசரப்படக் கூடாது.

வழி எளிது. தங்கும் விடுதி பழைய நகரத்துக்கு உள்ளேயோ டமாஸ்கஸ் வாசல் பக்கமோ இருக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். கொல்கொதாவை உள்ளடக்கி நிற்கும் கல்லறைக் கோயிலின் கதவு விடியலுக்கு முன்பே திறந்துவிடும், குளிர்காலத்தில் நான்கு மணிக்கே. குழு எழுந்து காலை உணவுக்கு உட்காருவதற்குள் போய்த் திரும்பிவிடலாம்.

தனியாகப் போகிறவர்களுக்கு விமான நிலையத்திலிருந்து ரயில் மலிவு. அரை மணி நேரத்தில் எருசலேம் நவோன் நிலையம், வெளியே வந்தால் டிராம். ஆனால் வெள்ளி பிற்பகலில் தொடங்கி சனி இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள். ரயில் கிடையாது, டிராம் கிடையாது. வெள்ளி மாலை வந்திறங்குகிறவர்கள் டாக்ஸிக்காரரிடம் மாட்டுவது இப்படித்தான். ஏறும் முன்பே ‘மோனே’ என்று சொல்லுங்கள், எபிரேயத்தில் மீட்டருக்கு அதுதான் பெயர். ஓய்வுநாளில் மீட்டர் கட்டணமே கூடுதல்தான், அது சட்டப்படி. மீட்டரைப் போடாமல் “உங்களுக்காகக் குறைத்துச் சொல்கிறேன்” என்று தொடங்கினால் இறங்கிவிடுங்கள். சிங்க வாசலில் நிற்கும் வண்டிகளில் இந்தப் பேச்சு அதிகம். டமாஸ்கஸ் வாசல் பக்கத்திலிருந்து புறப்படும் அரபுப் பேருந்துகள் ஓய்வுநாளிலும் ஓடும். ஒலிவ மலைக்கும் பெத்லகேமுக்கும் அவையே போதும்.

சிலுவைப்பாதை, அதாவது இயேசு சிலுவை சுமந்ததை நினைத்துப் பதினான்கு நிலைகளில் நின்று ஜெபிக்கும் வழி, மொத்தம் 600 மீட்டர் சொச்சம். சிங்க வாசல் பக்கம் ஒரு பள்ளி முற்றத்தில் முதல் நிலை. ஒன்பது நிலைகள் தெருவில், ஐந்து கோயிலுக்குள். ஒவ்வொன்றுக்கும் சுவரில் ரோமன் எண் பொறித்த வட்டத் தகடு இருக்கும். ஐந்தாம் நிலையில் பாதை வலப்பக்கம் திரும்பி மேட்டில் ஏறுகிறது. சீரேனே ஊர் சீமோன் சிலுவையை வாங்கிச் சுமந்ததை நினைக்கும் இடம். ஏற்றம் தொடங்குகிற அந்த முனையில் நின்று மாற்கு 15:21-ஐ வாசித்தால், வயலிலிருந்து வந்த ஒரு வெளியூர்க்காரரை ஏன் பிடித்தார்கள் என்பது கால்களுக்கே புரியும்.

எல்லோரும் வழி தவறுவது எட்டாம் நிலையில். ஏழிலிருந்து கடைத்தெருவைக் கடந்து ஒரு சந்தில் ஏறினால் கிரேக்க மடத்துச் சுவரில் சின்னக் கல் ஒன்று. சிலுவை, சுற்றிலும் ‘இயேசு கிறிஸ்து வெல்கிறார்’ என்ற கிரேக்க எழுத்துகள். அதற்கு மேலே வழி அடைப்பு. வந்த வழியே இறங்கி, கடைத்தெருவில் திரும்பி, ஓரமாகப் போகும் அகலப் படிகளில் ஏறினால்தான் ஒன்பது. பக்கத்திலேயே எத்தியோப்பியத் துறவிகள் வாழும் மொட்டைமாடி. அங்கிருந்து இரண்டு சிற்றாலயங்கள் வழியாக நேரே கோயில் முற்றத்துக்கு இறங்கலாம். பல குழுக்கள் இதைக் காட்டுவதே இல்லை.

மரச்சிலுவை சுமந்து நடக்க விரும்பினால், தருகிறவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: வாடகையா, இலவசமா, கூட வரும் புகைப்படக்காரருக்கு எவ்வளவு? கடைத்தெருக் கல் வழவழப்பு, மழை பெய்தால் சறுக்கும், ரப்பர் அடிச் செருப்பு நல்லது. வெள்ளிக்கிழமை பிரான்சிஸ்கன் துறவிகளின் பவனி பிற்பகல் மூன்று மணிக்கு, கோடையில் நான்குக்கு. அதில் சேர ஒரு காசு வேண்டாம்.

இந்தத் தெரு முதல் நூற்றாண்டுத் தெரு இல்லை. இயேசு மூன்று முறை விழுந்ததும், அவர் முகத்தைத் துடைத்ததாகச் சொல்லும் வெரோனிக்காவும் நற்செய்திகளில் இல்லை, அவை பக்தி மரபு. பிலாத்து தீர்ப்புச் சொன்ன இடம் மேற்கே, யாப்பா வாசல் பக்கமிருந்த ஏரோதின் அரண்மனை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. இதைச் சொன்னால் சிலர் மனம் நோகிறார்கள். நோக வேண்டியதில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக மக்கள் அழுதுகொண்டு நடந்த தெரு என்பது போதாதா?

சேர வேண்டிய இடமான கொல்கொதாவுக்குச் சான்று பலமாகவே இருக்கிறது. ‘நகர வாசலுக்குப் புறம்பே’ என்கிறது எபிரெயர் 13:12. கோயிலோ இன்று மதிலுக்குள் நிற்கிறது. இன்றைய மதில் 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. இயேசுவின் காலத்தில் இவ்விடம் வெளியே, ஒரு பழைய கல்குவாரி. சில ஆண்டுகள் கழித்து ஏரோது அகிரிப்பா எழுப்பிய மதில்தான் இதை உள்ளே சேர்த்தது.

கோயில் சாவி ஜூதே என்ற முஸ்லிம் குடும்பத்திடம், திறப்பது நுசைபே என்ற இன்னொரு முஸ்லிம் குடும்பம். கதவிலுள்ள சின்ன ஓட்டை வழியாக உள்ளேயிருந்து ஓர் ஏணியை நீட்டுவார்கள், அதில் ஏறித்தான் மேல் பூட்டு. இதைப் பார்க்கவே சீக்கிரம் போகலாம்.

நுழைந்ததும் வலப்பக்கம் செங்குத்தான படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். மேலே கிரேக்கப் பீடம், இருபுறமும் கண்ணாடிக்கு அடியில் பாறை. பீடத்தின் கீழே ஒரு வெள்ளித் தகடு, நடுவில் கை நுழையுமளவு துளை. தோள்பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்டியிட்டுக் குனிய வேண்டும், இல்லாவிட்டால் பை சிக்கும். கையை விட்டால் விரல் நுனியில் குளிர்ந்த கல். பத்து மணிக்கு இதற்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். கதவு திறந்த உடனே போனால் நான்கு பேர் இருந்தால் அதிகம். வழிபாடு நடந்தால் மட்டும் காத்திருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

இறங்கி வந்து அதே பாறையின் அடியைப் பாருங்கள். ஆதாம் சிற்றாலயத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நீளமாக ஒரு வெடிப்பு. ‘கன்மலைகளும் பிளந்தது’ என்ற மத்தேயு 27:51-ஐ இங்கே வாசிப்பது வழக்கம். ஆதாமின் மண்டையோடு இங்கே புதைந்தது என்பது மரபு. நம் ஊர்ப் பாடுபட்ட சுரூபங்களில் சிலுவையடியில் மண்டையோடு செதுக்குவது அதனால்தான்.

இனி நான் மிகவும் விரும்பும் இடம். பீடங்களைச் சுற்றிப் பின்னால் போனால் அர்மேனியரின் ஹெலெனா ஆலயத்துக்கு இறங்கும் படிகள். இருபுறச் சுவரிலும் விரல் நீளச் சிலுவைகள், ஒன்றையொன்று ஒட்டி, வரிசை வரிசையாக. பக்கவாட்டில் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தால் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். ஆளாளுக்குக் கத்தியால் கீறியது என்றுதான் வெகுகாலம் சொன்னார்கள். வெட்டு ஒரே ஆழத்தில் ஓடுவதைப் பார்த்த ஆய்வாளர்கள், பயணிகள் கேட்டுக்கொண்டபடி சில கைதேர்ந்த கொத்தர்கள் செதுக்கியது என்கிறார்கள். எப்படியானாலும் ஒவ்வொரு சிலுவையும் யாரோ ஒருவருக்கான வேண்டுதல்.

இன்னும் கீழே குகை. பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலெனா அரசி மூன்று சிலுவைகளைக் கண்டதாகவும், எது ஆண்டவருடையது என்பது நோயாளிப் பெண் குணமானதில் தெரிந்ததாகவும் மரபு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த எகேரியா என்ற பெண் எழுதி வைத்திருக்கிறார்: பெரிய வெள்ளியன்று மக்கள் வரிசையாக வந்து சிலுவை மரத்தை முத்தமிட்டார்கள், முன்பு ஒருவன் முத்தமிடும் சாக்கில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துப் போய்விட்டதால் திருத்தொண்டர்கள் சுற்றி நின்று காத்தார்கள். அந்த மரம் 614-இல் பாரசீகர் கைக்குப் போய், பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் மீட்டு வந்து, 1187-இல் சலாதீனுடன் நடந்த ஹத்தின் போரில் மறுபடி தொலைந்தது. 335 செப்டம்பரில் நடந்த இக்கோயிலின் அர்ச்சிப்பை ஒட்டித்தான் செப்டம்பர் 14 திருச்சிலுவை விழா. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக் கடற்கரையில் அந்தத் தேதியில் கூடுகிற கூட்டத்துக்கு மூலம் இந்தக் குகைதான்.

அரை நாள் மிச்சமிருந்தால் இஸ்ரேல் அருங்காட்சியகம் போங்கள். 1968-இல் எருசலேமின் வடக்கே கிடைத்த ஒரு குதிகால் எலும்பு, பக்கவாட்டில் பாய்ந்த இரும்பு ஆணியோடு. ஆணி 11.5 சென்டிமீட்டர். முனை வளைந்துபோனதால் பிடுங்க முடியாமல் அப்படியே அடக்கம் செய்திருக்கிறார்கள். சிலுவைச் சாவு என்றால் என்ன என்பதை எந்தப் பிரசங்கமும் இவ்வளவு நெருக்கத்தில் காட்டாது.

டமாஸ்கஸ் வாசலுக்கு வெளியே, இயேசுவின் கல்லறை என்று சிலர் நம்பும் தோட்டக் கல்லறைக்கும் நம் சபையார் நிறையப் போகிறார்கள். அமைதியான இடம், நுழைவுக் கட்டணம் இல்லை, பாட்டுப் பாடி ஜெபிக்க அருமை. ஞாயிறு மூடியிருக்கும். 1883-இல் பிரிட்டிஷ் ஜெனரல் கார்டன் கபாலம் போலத் தெரிந்த குன்றைக் கண்டு இதுவே கொல்கொதா என்றார். கல்லறை இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்கிறது தொல்லியல், அதனால் நான் கோயிலையே ஏற்கிறேன். குன்றுக்கு நேர் கீழே அரபுப் பேருந்து நிலையம். ஹாரன் சத்தத்துக்கு நடுவேதான் ஜெபம்.

விடியலில் கோயிலுக்குப் போனவர்கள் ஏழு மணிக்குத் திரும்பும்போது டமாஸ்கஸ் வாசலில் கஅக் ரொட்டி அடுக்கியிருக்கும். எள் ஒட்டிய நீள வளையம், சூடு ஆறாதது. கூடவே தாளில் மடித்த ஸஅத்தர் மூலிகைப் பொடி கேட்டு வாங்குங்கள், சுட்ட முட்டையும் இருக்கும். விலையை முதலில் கேளுங்கள். ஒன்று இருவருக்குப் போதும்.