மோட்டார்ஹோமில் அடுப்பும் ஜெனரேட்டரும்: யோசெமிட்டி பயண நாட்குறிப்பு

2025 ஜூலை 10, வியாழன், ஃப்ரீமான்ட்

படுக்கையும் சமையலறையும் கொண்ட வாடகை வண்டியான மோட்டார்ஹோம் இன்று மாலை கைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள பள்ளத்தாக்கு முகாம்களில் மின் இணைப்பு கிடையாது. ஆகவே ஏசியும் மைக்ரோவேவும் வண்டியோடு பொருத்தப்பட்ட 4,000 வாட் ஜெனரேட்டரை நம்பியிருக்கின்றன. அடுப்பும் ஃபிரிட்ஜும் புரொப்பேன் எரிவாயுவில் இயங்கும். வண்டியை ஒப்படைத்தவர் தொலைக்காட்சியைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, எச்சரிக்கைக் கருவிகளை விரலால் சுட்டிக்காட்டியதோடு முடித்துக்கொண்டார்.

புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும்; எனவே அதற்கான கருவி கணுக்கால் உயரத்தில் இருக்கிறது. ஜெனரேட்டர் புகையிலும் அடுப்பு எரிவதிலும் உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அறைக்காற்றோடு கலந்துவிடுவது, அதற்கான கருவி படுக்கையருகே உள்ளது. சோதனைப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் அலறுகின்றன. ஆனால் அந்த அலறல் மின்சுற்று வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளிருக்கும் உணரிக்கு ஆயுட்காலம் உண்டு என்பதால், கருவியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்து வைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி, யோசெமிட்டி பள்ளத்தாக்கின் அப்பர் பைன்ஸ் முகாம்

இங்கே ஜெனரேட்டரை நினைத்தபோதெல்லாம் ஓட்ட முடியாது. காலை 7 முதல் 9 வரை, நண்பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே அனுமதி. எனவே மிக்சி, மைக்ரோவேவ், ஏசி என எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் அடைத்துவிடவே மனம் துடிக்கிறது.

மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மாமனார், "மாப்பிள்ளை, முதல்ல லோடு கணக்கச் சொல்லுங்க" என்றார். ஏசி ஏறக்குறைய 1,500 வாட், மைக்ரோவேவ் இழுப்பது 1,500, நாங்கள் கொண்டுவந்த இண்டக்ஷன் அடுப்பு 1,800. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் 4,800. ஏசியின் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் அது பல மடங்கு கூடுதலாக இழுக்கும் என்பதையும் அவரே நினைவூட்டினார். இண்டக்ஷன் அடுப்பு பெட்டிக்குள் போனது. எந்தச் சுமையும் இல்லாமல் ஜெனரேட்டரைக் கிளப்பி, ஓரிரு நிமிடம் ஓடவிட்ட பிறகே சாதனங்களை ஒவ்வொன்றாகப் போடுவது, அணைக்கும்போதும் சுமையை முதலில் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

ஜூலை 12, சனி, அப்பர் பைன்ஸ்

இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது மின்சாரத்தைவிடக் காற்றுதான். நம் சமையலில் தாளிப்பு உண்டு. கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்த மறுகணம் இந்தச் சிறிய அறை முழுவதும் நெடி ஏறுகிறது, அதனால் கூரையிலுள்ள விசிறியைப் போட்டுவிடுகிறோம். ஜன்னல்கள் மூடியிருக்க, விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளினால், அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். தரையிலுள்ள இடுக்குகள், குழாய்கள் நுழையும் துளைகள், கதவின் அடிப்பகுதி என எதுவும் அதற்கு வழியாகலாம். அப்போது வண்டிக்கு அடியில் ஜெனரேட்டரின் புகை சூழ்ந்திருந்தால், தாளிப்பு நெடியைப் போக்கப் போட்ட விசிறியே அந்தப் புகையை உள்ளே இழுத்துவிடும். நெடி கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும். கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதைப் பற்றிக்கொள்கிறது.

ஆகவே ஜெனரேட்டர் ஓடும்போது தாளிப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். அடுப்பு எரியும்போது விசிறியோடு, ஜெனரேட்டரின் புகைக்குழாய்க்கு எதிர்ப்புற ஜன்னலையும் திறந்துவிடுகிறோம். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்கும் பேச்சுக்கே இடமில்லை.

மாலையில் பக்கத்து இடத்துக்காரர் தம்முடைய கையடக்க ஜெனரேட்டரை எங்கள் சமையலறை ஜன்னலை நோக்கி வைத்திருந்தார். அத்தகைய ஜெனரேட்டர் குடியிருக்கும் இடத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதே அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. தன்மையாகச் சொன்னதும், நீளமான கம்பியை எடுத்து வந்து தள்ளி வைத்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு, டியோகா கணவாய் வழியாக பிஷப் நகரம்

கணவாய் ஏறக்குறைய 3,030 மீட்டர் (சுமார் 9,940 அடி) உயரத்தில் உள்ளது. காற்று அடர்த்தி குறையக் குறைய ஜெனரேட்டரின் திறனும் குறைகிறது. 1,000 அடிக்கு 3.5 விழுக்காடு என்று கணக்கிட்டால், நம்முடைய 4,000 வாட் அங்கே 2,600 அளவுக்கு இறங்கிவிடும். பள்ளத்தாக்கில் ஒன்றாக ஓடிய ஏசியும் மைக்ரோவேவும் இங்கே ஒன்றாக ஓடா.

கணவாய்க்கு அருகே நிறுத்தி மதிய உணவைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, தலை வலிப்பதாக மனைவி சொன்னாள். உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் கார்பன் மோனாக்சைடு நஞ்சின் தொடக்க அறிகுறிகளைப் போலவே இருக்கும். இன்னதென்று உள்ளே உட்கார்ந்து ஆராய்வது சரியல்ல. ஜெனரேட்டரையும் அடுப்பையும் அணைத்துவிட்டு, எல்லோரும் வெளியே போய்விட்டோம். கருவி ஒலிக்கவில்லை, மற்றவர்களுக்கும் ஒன்றும் இல்லை, கீழே இறங்கியதும் வலியும் விட்டது. உயரம்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் மறுபடி அப்படி நேர்ந்தால் இதையேதான் செய்வேன்.

பிஷப் முகாமில் 30 ஆம்பியர் இணைப்பு கிடைத்திருக்கிறது. 120 வோல்ட்டில் அது 3,600 வாட். இரவு முழுவதும் ஏசி ஓடலாம்; ஜெனரேட்டரை ஓடவிட்டு உறங்க வேண்டிய நிலை இல்லை.

ஜூலை 14, திங்கள், பிஷப்

ஜெனரேட்டரும் எஞ்சினும் ஒரே பெட்ரோல் தொட்டியைப் பகிர்ந்துகொள்கின்றன. தொட்டி கால் பங்குக்கு இறங்கியதும் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடுவது, வண்டி நடுவழியில் நிற்காதிருக்கச் செய்த ஏற்பாடு. இன்று பெட்ரோல் நிரப்ப வேண்டும். ஃபிரிட்ஜ் தானியங்கி நிலையில் இருந்தால், மின்சாரம் இல்லாதபோது தானே புரொப்பேனுக்கு மாறிப் பொறியிட்டுச் சுடரேற்றும்; பெட்ரோல் நிலையத்தில் அது நடக்கக் கூடாது. ஆகவே நிலையத்துக்குள் நுழையும் முன்பே ஃபிரிட்ஜை அணைத்து, புரொப்பேன் வால்வை மூடிவிடும் பொறுப்பை மாமனார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.