கறுப்புக் கண்ணாடிக் கதவு

தைப்பூசத்தன்று மதியம் பன்னிரண்டரை இருக்கும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிவிட்டு வெயிலில் வெந்து வந்த பிரெஞ்சுக்காரத் தம்பதி, எங்கள் ஓட்டலில் உட்கார்ந்ததுமே ரெண்டு பீர் கேட்டார்கள். இன்றைக்குக் கிடையாது, வள்ளலார் தினம் என்றேன். யார் அவர் என்றார்கள். பசித்தவர்களுக்குச் சோறு போட 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கியவர், அங்கே மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ இன்னைக்குச் சாப்பாடு இலவசமா?" என்றது. எனக்குப் பதில் வரவில்லை. ரெண்டு லெமன் சோடா எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

மதுரையில் எஃப்.எல். 3 உரிமம், அதாவது பார் நடத்த அரசு தரும் உரிமம் உள்ள ஓர் ஓட்டலில், பரிமாறுகிற ஸ்டூவர்டாகச் சேர்ந்து, அவர்களை மேய்க்கிற கேப்டனாக ஓய்வு பெற்றவன் நான். பெயர் வேண்டாம். வருடத்தில் எட்டு நாள் எங்கள் பாருக்குப் பூட்டு. திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார், மகாவீரர், மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜயந்தி. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே எழுதியவர், சரி. ஆனால் மதுரையே பொங்கி வழிகிற, அழகர் ஆற்றில் இறங்கும் நாள் அந்தப் பட்டியலில் இல்லை. தீபாவளியும் இல்லை. பூட்டு நாளுக்கு முந்தின ராத்திரி ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதிக் கை வலிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டாஃப் மெஸ்ஸில் இந்தப் பூட்டு நாட்களைப் பற்றி ஓயாத சண்டை. 2015 ஜூலை கடைசி நாளில், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் வழிபாட்டுத் தலத்துக்கும் பள்ளிக்கும் பக்கத்திலிருந்த டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி, காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்டார். அந்த வாரம் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. சாமியைக் காட்டிச் சட்டம் போடக்கூடாது என்று ஒருவன், கோயில் வாசலில் கடை வைக்கலாமா என்று இன்னொருவன். எங்கள் பார்மேன் ஒரு பாய். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. "நபி பிறந்த அன்னைக்கு எனக்கு லீவு விடுறீங்க. மத்த நாளெல்லாம் ஊத்துறதும் நான்தானே, அதுக்கு எந்தச் சட்டம் வருது?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சட்டத்தைவிடக் கறாராக இருந்தது எங்கள் மேனேஜர் போட்ட விதி. ஃபேமிலி ஹாலுக்கும் பாருக்கும் நடுவே கறுப்புக் கண்ணாடிக் கதவு. பாட்டில் உள்ள ட்ரே ஒருபோதும் ஃபேமிலி ஹாலைத் தாண்டக்கூடாது. ரூமுக்குப் போகிற சரக்கு கிச்சன் வழியாகச் சுற்றி, சர்வீஸ் லிஃப்ட்டில் ஏறி, துண்டு போர்த்தித்தான் போகும். ஒருநாள் லிஃப்ட் மக்கர் பண்ணியது. ரூமிலிருந்து மூன்றாவது போன். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு ஹால் வழியாகவே நடந்துவிட்டேன். காதுகுத்து விசேஷத்துக்கு வந்த கூட்டம், நீள டேபிள். சரியாக அங்கே போகும்போது துண்டு வழுக்கியது. "தாத்தா, அது என்ன ஜூஸ்?" என்றது மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை. தாத்தா எழுந்தார். அவர் எழுந்ததும் பதினெட்டுப் பேரும் எழுந்தார்கள். வைத்த சாப்பாடு அப்படியே கிடந்தது. எனக்கு ரெண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள். பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைக்கு என்ன பதில் சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். கோபமெல்லாம் லிஃப்ட்டை ரிப்பேர் பார்க்காத மேனேஜர் மேல்தான்.

என்னிடம் தொழில் பழகிய தம்பி ஒருவன் இப்போது அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில் ரெஸ்டாரண்டில் இருக்கிறான். மது கூடாது, காபி, டீகூடக் கூடாது என்கிற மோர்மன் சபைக்காரர்கள் சட்டசபையில் பெரும்பான்மையாக இருக்கும் மாநிலம் அது. அங்கே புதிதாகத் திறக்கிற ரெஸ்டாரண்டுகளில், சாப்பிட வருகிறவர் கண்ணில் படாமல் மது கலக்க 7 அடிக்கு மேல் தடுப்பு வைக்கச் சொல்லியிருந்தார்களாம். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் சீயோன் திரை. மதம் வேறு, அரசாங்கம் வேறு என்று ஒரு பக்கம், பிள்ளைகள் கண்ணில் படவேண்டாம் என்று மறுபக்கம், வருடக்கணக்கில் வாக்குவாதம். 2017-இல் தளர்த்தினார்கள். இப்போது திரை வேண்டாமென்றால் இடுப்பளவு குட்டைச் சுவர் வைக்கலாம், இல்லையென்றால் பாரிலிருந்து 10 அடிக்குள் சிறுவர்களை உட்காரவைக்காமல் இருந்தால் போதும். சாப்பாடு சொல்லாதவருக்குச் சரக்கு இல்லை என்பது மட்டும் மாறவில்லை. "அண்ணே, நம்ம கறுப்புக் கண்ணாடியை இங்க சட்டமாவே போட்டு வச்சிருந்தாங்கண்ணே" என்று போனில் சிரித்தான். எனக்கு அந்தக் காதுகுத்து டேபிள்தான் ஞாபகம் வந்தது. திரை வைத்ததால் ஒரு பெக் குறைந்தது என்று என் ரிஜிஸ்டரில் ஒருநாளும் பதிவானதில்லை. ஆனாலும் அந்தத் துண்டு வழுக்காமல் இருந்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். டாஸ்மாக் கடை வழிபாட்டுத் தலத்திலிருந்து மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்பது விதி. எங்கள் கருப்பசாமிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போனால், படையலில் கிடாக்கறியோடு சுருட்டும் டாஸ்மாக் குவாட்டரும் இருக்கும். திரை கிடையாது. பிள்ளைகள்தான் முன்வரிசை.

ஓய்வு பெற்ற வருடம், "மாப்ளே, நீதான தொழில்காரன், நீயே ஊத்து" என்று மாமா பாட்டிலை என் கையில் கொடுத்தார். மூடியைத் திருகினேன். இடது கை தன்னால் துண்டைத் தேடியது. பித்தளைச் செம்பில் ஊற்ற, அறுபது மில்லியில் கை நின்றுவிட்டது.

"சாமிக்கே அளந்தாடா ஊத்துவ?" என்றார் மாமா.