ஆன்லைன் எம்.சி.ஏ.வும் என் இனிஷியலும்

பி.எஸ்சி. முடித்த கையோடு ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நாலைந்து வருஷத்தில் ஒரு யோசனை வரும், ஒரு எம்.சி.ஏ.வாவது கையில் இருந்தால் தேவலையே என்று. எனக்கும் வந்தது. வேலையை விட முடியாது, அதனால் ஆன்லைன். எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருஷம்தான் என்பது ஒரு ஆறுதல்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளை ஒப்பிட்டுக் காட்டுகிற தளங்களில் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அட்மிஷன் கவுன்சிலர் என்று சொல்லிக்கொண்டு பல் தேய்க்கும்போதே கூப்பிடுவார்கள். "மேடம், இன்னும் அஞ்சு சீட்தான் இருக்கு, இன்னிக்கே புக்கிங் அமவுன்ட் போட்டுடுங்க." ஆன்லைன் கிளாஸுக்கு என்ன சீட்டு, பெஞ்சா வாங்கிப் போடப்போகிறார்கள்? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைதூரக் கல்விப் பிரிவுதான் டெப், அதன் தளத்தில் அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியலே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரப்போகிற படிப்பும் நீங்கள் சேருகிற பருவத்துக்கான பட்டியலில் இருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 முதல் இந்தப் படிப்புகளில் சேர டெப் தளத்தில் வாங்குகிற டெப் ஐடி கட்டாயம். அதற்கு, படிப்பில் வாங்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கிற கணக்கின் எண்ணான ஏபிசி ஐடி வேண்டும், அதற்கு டிஜிலாக்கர், அதற்கு ஆதார். இங்கேதான் நம் ஊர் இனிஷியல் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது. மார்க் ஷீட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் 'ஆர்' என்று ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. விண்ணப்பமோ 'லாஸ்ட் நேம்' என்று சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்கிறது, ஒற்றை எழுத்தை அடித்தால் ஏற்க மாட்டேன் என்கிறது. எனக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாதப்பா, அப்பாதான் உண்டு!

உடனே ஆதாரைத் திருத்த ஓடாதீர்கள், அதில் பெயரை மாற்ற ஆயுளுக்கு இரண்டே தடவைதான் அனுமதி. அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போட்டு, என்ன காகிதம் ஏற்பார்கள் என்று கேளுங்கள். எனக்கு நோட்டரி அஃபிடவிட் போதும் என்றார்கள். ஹைகோர்ட் எதிரே அதற்கு ஆள் பஞ்சமே இல்லை, டைப் அடிக்கிறவருக்கு வாசகம் மனப்பாடம், இந்த இனிஷியலின் விரிவு இது, இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று மள மளவென்று அடித்துக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் ஸ்கேன். எங்கள் அப்பா பாசத்தில் டிகிரி சர்டிபிகேட்டை லேமினேட் செய்து வைத்திருக்கிறார், போனில் எடுத்தால் பல்கலைக்கழக முத்திரை இருக்கிற இடத்தில் டியூப் லைட்தான் தெரிகிறது. மாம்பலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் அதைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடியை அமுக்கிப் பிடித்து, எழுத்து கெடாமல் 500 கேபிக்குள் சுருக்கிக் கொடுத்தார். போனில் கூப்பிடுகிற அந்த அட்மிஷன் கவுன்சிலர்களைவிட அவர் எவ்வளவோ தேவலை.

வீட்டில் இன்னும் இதைத் 'தபால்ல படிக்கறது' என்றுதான் சொல்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் நேரில் படித்து வாங்கியதற்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் பதவி உயர்வுக்கு எங்கள் ஆபீஸில் இது செல்லுமா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன், வாய் வார்த்தையை நம்பிப் பணம் கட்டுவதாக இல்லை. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுகிறார்கள். பதில் வந்தாலும் முதல் செமஸ்டருக்கு மட்டும்தான் கட்டப்போகிறேன்.